சென்சார் சாமி பார்த்த நான்கு படங்கள்

சினிமாவைப் பற்றி உருப்படியாகக் கருத்துச் சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் திருவண்ணாமலையில் இருக்கிறார். அவர் பேச மாட்டார். பேசுகிற மற்றவர்கள் எல்லாம் போனைப் பார்த்து ஒப்பிக்கிறவர்கள்.

செங்கம் சாலையில் பைக் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. கடைக்கு மேல் மாடி அறையில் இருப்பவர்தான் சாமி. பெயர் தெரியாது. வந்த நாளிலிருந்து மௌன விரதம். கட்டட ஓனரம்மா பக்தி முற்றியவர். "எங்க மாடியில மௌன சாமி இருக்காரு" என்று ஊரெல்லாம் பெருமை அடிப்பார். சாமிக்கு வாடகை கிடையாது, சாப்பாடும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: வாயைத் திறந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். நானும் இப்படி ஒரு விரதம் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். முதல் வாடிக்கையாளர் வந்ததும் முடிந்துபோயிருக்கும்.

விரதத்தில் சினிமா பார்க்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையானால் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பைக்கின் பின்னால் ஏறிவிடுவார். மறுநாள் காலை எதிர் டீக்கடையில் தீர்ப்பு. டீ மாஸ்டர் வைத்த பெயர்தான் சென்சார் சாமி.

போன மாதம் முதலில் பார்த்தது ஒரு காதல் படம். கதாநாயகிக்கு இருமல் வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு படத்தில் எல்லாரும் அழுதார்கள், டாக்டர் உட்பட.

"இன்னா சாமி, படம் எப்டி?" என்றார் மாஸ்டர்.

சாமி தோளில் கிடந்த துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். மறுபடி பிழிந்தார்.

"அழுகை ஜாஸ்தியா? அப்ப நான் போவல."

அடுத்து, பெரிய நடிகரின் சண்டைப் படம். ஒரு கிராமத்தையே அடித்துப் போட்டும் ஹீரோவின் சட்டை கசங்கவில்லை. ஒரு பைக் செயின் மாட்டினாலே என் சட்டை நாசமாகிறது. சாமி டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர் மேல் 'ஃபூ' என்று ஊதினார். விழச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் விழவில்லை. சாமி உதட்டைப் பிதுக்கினார். தீர்ந்தது விமர்சனம்.

மூன்றாவது பேய்ப் படம். பேய் வருவதற்கு முன்பே சாமி சீட்டில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பயம்தான், வேறென்ன. பக்கத்துச் சீட்டு அம்மாவோ, "தியேட்டர்லயும் தியானம் பாரு" என்று உருகிப்போய் இருட்டில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சாமி ஒரே தாவாகத் தாவி என் மடியில் வந்து விழுந்தார். அப்போதுகூட ஒரு சத்தம் வரவில்லை. இலவச அறைக்காக நடிக்கிற ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் விரதம் நிஜம் என்று நம்பினேன்.

நான்காவது ஒரு சின்னப் படம். தியேட்டரே காலி. செய்யாத திருட்டுக்காக மகனை வீட்டை விட்டு விரட்டுகிறார் அப்பா. "நான் எடுக்கலப்பா" என்று சொன்னால் படம் அங்கேயே முடிந்துவிடும். சொல்ல மாட்டான். ரோஷமாம். இடைவேளைக்குப் பிறகு மழையில் நின்று முறைப்பதே அவன் வேலை. எனக்கு எரிச்சல். கடைசியில் அப்பா சாகக் கிடக்கிறார். கட்டிலருகே வந்து நிற்கிறான். பேசாமல் திரும்புகிறான்.

"டேய், வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா!"

இருந்த கொஞ்ச நஞ்சப் பேரும் கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். குரல் வந்த பக்கம் திரும்பினேன். சாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். முன் வரிசையிலிருந்து எங்களையே பார்த்தவன் ஓனரம்மாவின் தம்பி. படம் முடியும் முன்பே எழுந்து போனான்.

நாங்கள் திரும்பியபோது ஓனரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் தம்பி.

"சாமி பேசினாராமே, நிஜமா?"

சாமி பொய் சொல்லத் தெரியாத ஆள். தலையாட்டத் தொடங்கிவிட்டார். நான் குறுக்கே புகுந்தேன்.

"நான்தாம்மா கத்தினேன்."

"கொரலு வேற மாதிரி இருந்துச்சே?" என்றான் தம்பி.

"வாய் நெறைய பாப்கார்ன் இருந்துச்சுடா. துப்பிட்டா கத்துவாங்க?"

ஓனரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவன்தான் கத்தியிருப்பான். வாடகை கேட்டாலே இந்தக் கத்துதான். சாமிய பக்கத்துல வச்சிக்கினு டேய்னு கத்துறியே, உனக்கு புத்தி கம்மியா? வுழுடா கால்ல!"

நடு ரோட்டில் விழுந்தேன். சாமி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து, மெல்ல வாயைத் திறந்தார்.

"மூடுங்க" என்றேன். "தேங்க்ஸ் சொல்லணும்னா டீ வாங்கிக் குடுங்க."

கரகரவென்று இருக்கும் அந்தக் குரலை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். இன்னொரு முறை கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் மாடி காலியாகிவிடுமே.