கரடிக்குக் கலர் கேட்ட கிளியர் அண்ணன்

கண்டி நகரத்தில் டீவியின் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்த மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: எங்கள் போடிங் விடுதியின் கிளியர் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்த வீட்டு டீவியைக் கண்டாலும் "கிளியர் இல்லை" என்று முகத்தைச் சுளிப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

யுத்த காலம் அது. நான் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கமான மடுல்கெல்லயிலிருந்து வந்து கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை பார்த்தேன். அவர் யாழ்ப்பாணத்தார், இன்னொரு கந்தோரில் படவரைஞர். கட்டுகஸ்தோட்டையில் அந்தோணியம்மா அக்காவின் போடிங்கில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. என் கட்டிலில் நான் படுத்தேன். அவர் கட்டிலில் வயர்கள் படுத்தன, அவர் தரையில் பாய் விரித்துப் படுத்தார்.

ஒருமுறை அவருக்குப் பெண் பார்க்கத் துணைக்குப் போனேன். பெண் தேநீர்த் தட்டோடு வந்து நிற்கிறாள், மாப்பிள்ளையைக் காணோம். டீவிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது: "தங்கச்சி, வீட்டில ஸ்குரூ டிரைவர் ஒண்டு இருக்கே?" பார்க்க வந்த பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிட்ட பிறகு என்ன கல்யாணம்? ஆனால் அந்த வீட்டு டீவி அதற்குப் பிறகு கண்ணாடி மாதிரி வேலை செய்ததாகப் பெண்ணின் அப்பாவே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஜப்பானிலிருந்து மச்சான் ஒரு டீவி கேம் அனுப்பிவைத்தார். குரங்கின் கையில் பூமாலை என்பார்கள். இங்கே பூமாலைக்கு ஒன்றும் ஆகவில்லை, சுற்றியிருந்த நாங்கள்தான் பிய்ந்துபோனோம். ஒரு கரடி ஓடியோடிப் பழம் பொறுக்கும் விளையாட்டு. அக்காவின் டீவியில் மாட்டினால் புள்ளியும் கோடுமாகக் கொட்டியது. ஏரியல் துவாரம் வழியாகப் போனால் படம் பாதி வழியிலேயே அழுக்காகிவிடும் என்பது அண்ணனின் சித்தாந்தம். கேம் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே போர்டிலிருந்தே வயர் இழுத்து, டீவியின் பின்னால் நேரடியாகச் சொருகினார். புள்ளிகள் மாயமாக மறைந்தன. ஆனால் ஜப்பான் டீவியின் கலர் முறை ஒன்று, நம்மூர் டீவியின் கலர் முறை வேறொன்று. கரடி கருப்பு வெள்ளையாகவே ஓடியது.

எனக்கு அதுவே போதும். நான் ஐந்தாவது கட்டம்வரை போய்விட்டேன். அவர் முதல் கட்டத்தையே தாண்டவில்லை.

"நீங்க வெளாடுங்கண்ணே, கரடி செத்துரப் போகுது."

"செத்தாப் பரவாயில்லை தம்பி. ஆனா பிரவுண் கலரில சாகோணும்."

கம்பளையில் ஒரு கடைக்காரரிடம் இரண்டு கலர் முறைகளையும் ஏற்கும் டீவி இருப்பதாகக் கேள்விப்பட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே கேம் பெட்டியோடு புறப்பட்டோம். "மூடியைப் பூட்டிட்டு வாங்கண்ணே" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பூட்டினால் வயரை ஒட்டிய ஈயப் பற்று விட்டுப்போய்விடுமாம். கேட்கவில்லை.

கண்டி ரயில் நிலையத்து வாசலில் சோதனை. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். பைக்குள் மூடியில்லாத பெட்டி. அதிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக வயர். பையைத் திறந்த ஆமிக்காரர் இரண்டடி பின்னால் போனார், வரிசையே பத்தடி பின்னால் போனது. அரை மணி நேரத்தில் நாங்கள் பொலிஸில் இருந்தோம்.

இன்ஸ்பெக்டர் வடக்கில் வேலை செய்து தமிழ் பழகியவர்.

"இது என்ன?"

"டீவி கேம் சேர்."

"கேம் எண்டா விளையாடிக் காட்டு. காட்ட ஏலாட்டிக் கொழும்புக்கு அனுப்புறது."

கொழும்பு விசாரணைக்குப் போனவர் எப்போது வருவார் என்று கேட்கவும் ஆளில்லாத நாட்கள் அவை. என் அட்டையைப் பார்த்த இன்ஸ்பெக்டர், "மடுல்கெல்லயா? நீ போ" என்றார். நான் போகாமல் வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அலுமாரிக்கு மேல் ஒரு டீவி இருந்தது. அண்ணன் வயரைச் சொருகினார். கருப்பு வெள்ளையில், நெளிந்து நெளிந்து, கரடி ஓடியது. அப்பாடா! நான் கும்பிடாத தெய்வமில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, "ஆ... சரி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அண்ணன், அந்தப் பாவி மனிதர், வயரைப் பிடுங்கிவிட்டார்!

"இது கிளியர் இல்லை சேர்."

"அண்ணே! அதான் காட்டியாச்சே, வாங்க போயிருவோம்!"

"சும்மா இரும் தம்பி."

சொல்லிக்கொண்டே டீவிக்குப் பின்னால் போய்விட்டார். வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிள் துப்பாக்கியில் கையை வைத்தார். பின்னாலிருந்து குரல்: "சேர், சிகரெட் குடிப்பீங்களே?"

கைதி சிகரெட் கேட்கிறானே என்று இன்ஸ்பெக்டர் பெட்டியை நீட்டினார். அண்ணன் சிகரெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் மரியாதையாக அடுக்கிவிட்டு, உள்ளே இருந்த வெள்ளித்தாளை மட்டும் கிழித்தெடுத்து, லொடலொடத்த பிளக்கில் சுற்றி, மறுபடி இறுக்கிச் சொருகினார். நெளிவு நின்றது. பிறகு சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த லேஞ்சியால் டீவியின் முதுகைத் துடைத்தார். தூசிக்கு அடியில், கலர் முறையை மாற்றும் ஒரு குட்டிச் சுவிட்ச் இருந்தது. அந்த டீவி வந்த நாள் முதல் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். டக்!

"பாட்ட ஆவா!" என்று கான்ஸ்டபிள் சிங்களத்தில் கத்தினார். ஆமாம், கலர் வந்துவிட்டது. பச்சை மரம், சிவப்புப் பழம், அசல் பிரவுண் கரடி. துப்பாக்கியை மறந்து கைதட்டினார் மனிதர். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டு விளையாட உட்கார்ந்தார். மூன்று தடவை கரடியைக் கொன்ற பிறகுதான் எங்கள் நினைவு வந்தது.

"சரி, போங்க. இனி மூடியைப் போட்டுக் கொண்டு போ. விளங்கிச்சா?"

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் பொரிந்து தள்ளினேன். "உசிரு போற நேரத்துல கலராண்ணே முக்கியம்? உங்களுக்குப் பயமே இல்லையா?"

அவர் பாதையோர மதகில் உட்கார்ந்தார். இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின.

"பயந்தான் தம்பி. மங்கலா ஏதோ ஒண்டு நெளிஞ்சா, எதையோ மறைக்கிறன் எண்டுதான் நினைப்பினம். ஆரும் சந்தேகப்பட ஏலாத மாதிரித் தெளிவாத் தெரியோணும் எண்டு நினைச்சன். வயரைப் பிடிச்சிருந்த நேரம் மட்டும் கை நடுங்கேல்லை."

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கேட்டார்: "உம்மைப் போகச் சொன்னவைதானே? ஏன் நிண்டனீர்?"

அவரை விட்டுவிட்டுத் தனியாக எங்கள் போடிங் அறைக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ரயிலு போயிருச்சுண்ணே, அதான்" என்றேன்.

கம்பளைக்கு அன்று இன்னும் மூன்று ரயில்கள் இருந்தன. அது அவருக்கும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.