குளிர்மேட்டில் வளை தோண்ட ஆள் தேவை

ஒரு காட்டில் இடமே இல்லை. காடு என்னவோ நடந்து தீராத பெரிய காடுதான். ஆனால் இசக்கிமுத்து என்ற பெருச்சாளி குடியிருந்த வளைக்குள் மாமனார், மாமியார், மாமியாரின் அக்கா, மைத்துனன்மார், அவர்களுடைய பெண்டாட்டிமார், பிள்ளைகள், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருதேன்" என்று போன மழைக்கு வந்த சித்தப்பா என்று, அதையும் சேர்த்து நாற்பது பெருச்சாளிகள் இருந்தன. இசக்கிமுத்து வீட்டோடு மாப்பிள்ளை. வீட்டோடு மாப்பிள்ளைக்கு எந்த மூலை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அதன் தொழிலே வளை தோண்டுவதுதான். காட்டில் பாதிப் பேருக்கு அது தோண்டிக் கொடுத்த வளைதான் வீடு. அப்படியானால் தனக்கொன்று தோண்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தோண்டாமல் இருக்குமா? ஒன்றுக்கு மூன்றாகத் தோண்டியது. ஒவ்வொரு முறையும் பால் காய்ச்சின சூடு ஆறுவதற்குள் மாமியார் மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்கும். "எங்க மாப்பிள்ளைக்குத் தனியா இருந்தா பயமா இருக்கும்லா" என்று சொல்லிக்கொண்டே மொத்தக் குடும்பமும் உள்ளே வந்துவிடும்.

இசக்கிமுத்துவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். வாலை நேராக நீட்டிப் படுக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதன் வால் நேராக இருந்ததே இல்லை. ஒன்று மடங்கியிருக்கும், அல்லது அதன்மேல் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். இது ஒரு ஆசையா என்று சிரிக்கிறவர்களுக்கு வால் இல்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் அதன் செல்போனில் ஓர் அறிவிப்பு வந்தது. "வடகாட்டைச் சேர்ந்த குளிர்மேட்டுப் பகுதிக்கு வளை தோண்டும் தொழிலாளர் அவசரமாகத் தேவை. தனி வளை இலவசம்."

இசக்கிமுத்து கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தது. பிறகு ஏஜெண்டைத் தேடி ஓடியது. ஏஜெண்டு என்றதும் நரி என்று நினைத்துவிடாதீர்கள். நரிக்கு எப்போதோ விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது அந்தக் காட்டில் ஏஜெண்டு ஓணான்தான்.

"வடகாட்டுலப் பெருமரம்னு ஒரு பட்டணம் இருக்கு பாத்துக்கிடும். அங்க நேராப் போவணும்னா யானைக்கே எடம் கெடைக்காது. ஆனா ஓரத்துல குளிர்ல கெடக்குற பகுதியளுக்கு ஆள் வேணும். இன்ன தொழிலாளி எங்களுக்கு வேணும்னு அந்தப் பகுதி நியமனம் பண்ணிட்டா, வடகாடு கதவத் தெறந்துரும். ஒரே கண்டிசன். அஞ்சு பனிக்காலம் அந்தப் பகுதியிலேயே கெடக்கணும். அப்புறம் நிரந்தரக் குடியுரிமை" என்று விளக்கியது ஓணான்.

"எனக்குக் கெடைக்குமா?"

ஓணான் தலையை ஆட்டியது. இசக்கிமுத்துவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஓணான் எதற்கும் தலையை ஆட்டும் என்பது அந்த நேரத்தில் அதற்கு நினைவில்லை.

முதலில் அனுபவச் சான்று வேண்டும் என்றார்கள். வேலை செய்து கொடுத்த இடத்தில் எழுதி வாங்க வேண்டுமாம். இசக்கிமுத்து கடைசியாகத் தோண்டிக் கொடுத்த வளையில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. கொடுத்தது ஓர் எலிக்குத்தான். எலி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இசக்கிமுத்து ஒரு புதர் அளவு தள்ளி நின்றுகொண்டு குரல் கொடுத்தது.

"அண்ணாச்சி, நம்ம வேலையப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதித் தரணும்."

"அதுக்கென்ன, பக்கத்துல வாரும்" என்றது பாம்பு.

"இல்ல, நீங்க எழுதி வெளிய போட்டுருங்க. நான் எடுத்துக்கிடுதேன்."

பாம்பு மனசார எழுதிக் கொடுத்தது. வேலை சுத்தம், வளை வழவழப்பு, ஆளும் நல்ல கொழு கொழு என்று இருந்தது கடிதத்தில். கடைசி வாக்கியம் ஓணானுக்கே பிடித்துப்போனது. "இவர் கையில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்."

அடுத்தது தொழில் தேர்வு. செல்போன் திரையில் குளிர்மேட்டு அதிகாரி வந்தது. அது ஒரு பனிக்கரடி. அது ஒரு வளையைக் காட்டி, "இதில் என்ன பழுது என்று பார்த்துச் சொல்லவும்" என்றது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொத்தனாரோ, குழாய் வேலைக்காரரோ, கரண்டு வேலைக்காரரோ, யார் வந்தாலும் பழுதைப் பார்ப்பதற்கு முன் இடுப்பில் கை வைத்து, உச்சுக் கொட்டி, இதற்கு முன் வேலை செய்தவரைத் திட்டியாக வேண்டும். திட்டாமல் வேலையில் கை வைப்பவர் தொழில் தெரியாதவர். இசக்கிமுத்துவுக்கு இது ரத்தத்தில் ஊறியது. என்ன பேசுகிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"யாரு இத தோண்டுனது? அவனக் கூப்பிடுங்க மொதல்ல. மனுசன் செய்ய வேலையா இது? அறிவு இருக்கவன் வாசல காத்தடிக்குற பக்கம் வைப்பானா?"

"நான்தான் தோண்டினேன்" என்றது கரடி.

திரை அணைந்தது. இசக்கிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஓணான் அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. "சும்மா ஆட்டாதேயும் வே" என்று அழாத குறையாகக் கத்தியது இசக்கிமுத்து. "கழுத்து அப்பிடி, நான் என்ன செய்ய?" என்றது ஓணான்.

அவசரப்பட்டு வாயை விட்டவன் வாய்ப்பை இழப்பான் என்று இங்கே கதையை முடித்திருக்கலாம். பள்ளிக்கூடப் புத்தகமாக இருந்தால் முடித்திருப்பார்கள். ஆனால் ஒரு வாரத்தில் நியமனம் வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: "விண்ணப்பதாரர் எங்கள் பகுதித் தொழிலாளர்களைப் போலவே பேசுகிறார். ஆகவே உள்ளூர் அனுபவம் உள்ளவராகக் கருதப்படுகிறார்."

இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் அதை மூலைக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னது. "நீங்க மொதல்ல போயி வால நீட்டிப் படுத்துப் பாருங்க. நல்லா இருந்துச்சின்னா நானும் பிள்ளையளும் வாரோம். எங்க அம்மைக்கு மட்டும் இப்பச் சொல்ல வேண்டாம்." அந்த நெரிசலில் அந்த மூலைக்குள்ளேயே ஏழு பேர் இருந்தார்கள். நல்லவேளை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

குளிர்மேட்டில் கால் வைத்ததும் இசக்கிமுத்துவுக்கு மாலை மரியாதை. கரடி கட்டிப்பிடித்துக்கொண்டது. ஓர் ஒட்டகம் கண்ணீர் விட்டது. மயில் ஒன்று ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஆடியது. ஒரு வளைக்காரனுக்கு இவ்வளவு வரவேற்பா என்று அதற்கே கூச்சமாக இருந்தது.

"எந்த வீட்டுல மொதல்ல தோண்டணும்?" என்று கேட்டது.

கரடி அதைத் தன் அலுவலகத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனது. சுற்றும் முற்றும் பார்த்தது. "இங்கேருந்து ஆரம்பிச்சு, பெருமரத்துல போய் முடியணும்" என்றது.

"அது ஒரு வளையா? சுரங்கம்லா!"

"மெதுவாப் பேசுப்பா. இங்க இருக்கிற எல்லாருமே நியமனத்துல வந்தவங்க. எல்லாருக்கும் பட்டணத்துக்குப் போகணும். ரோட்டுல போனா வடகாட்டுக் காவலுக்கு நிக்குற சடை எருமை தலை எண்ணுது, ஓடிப்போறவங்களைத் திருப்பி அனுப்பிடுது. அஞ்சு பனிக்காலம் இந்தக் குளிரை யாரு தாங்குவா?"

"நீங்க அதிகாரியாச்சே?"

"நானும் நியமனத்துல வந்தவன்தான். போன அதிகாரி ஓடிப்போனப்ப முத்திரை என் கைல இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நீங்க பனிக்கரடி. ஒங்களுக்குமா குளிருது?"

"ஏன், பனிக்கரடிக்குக் குளிரக்கூடாதுன்னு சட்டமா?" என்று கரடி கோபித்துக்கொண்டது.

இசக்கிமுத்து தோண்ட ஆரம்பித்தது. பல்லுக்கும் நகத்துக்கும் அது வரையில் கிடைக்காத வேலை. எங்கும் ஒழுகாமல், சரியாமல், ஒட்டகம் கழுத்தைக் குனிந்தால் போகிற அளவுக்குத் தோண்டியது. ஆனால் பெருமரம் வரப் போகிற நேரத்தில், தொழில் வழக்கப்படி கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு, "பாக்கிய நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று கையைக் கழுவியது. நாளைக்கு என்பது மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. குளிர்மேடே வந்து கெஞ்சியது.

"என்ன வேணும் சொல்லு, எங்க வீடெல்லாம்கூட எடுத்துக்கோ" என்றது ஒட்டகம்.

இசக்கிமுத்து அன்றைக்கே வேலையை முடித்தது.

பொழுது சாய்வதற்குள் ஊர் காலி. கரடி போகிறபோது முத்திரையை அதன் கையில் திணித்துவிட்டுப் போனது. இசக்கிமுத்து ஒரு முழு ஊருக்குச் சொந்தக்காரன் ஆனது. ஒவ்வொரு வளையாகப் போய்ப் படுத்துப் பார்த்தது. வாலைக் கிழக்கே நீட்டியது, மேற்கே நீட்டியது, சும்மா இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது. எங்கும் யாரும் முனகவில்லை. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சியம்மாளுக்கு வாலை மட்டும் படம் எடுத்து அனுப்பியது. "இம்புட்டு நீளமா ஒங்களுக்கு?" என்று பதில் வந்தது.

பேச்சியம்மாளையும் பிள்ளைகளையும் வரவழைக்கலாம் என்று அது முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்த நாளில், சடை எருமை வந்தது. நடுத்தெருவில் நின்று தலை எண்ணியது. ஒன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணியது. அப்போதும் ஒன்றுதான்.

"நாப்பது தலையாவது இருந்தாத்தான் அது பகுதி. அடுத்த பனி விழறதுக்குள்ள ஆள் சேரலேன்னா பகுதியைக் கலைச்சிடுவோம். பகுதி போனா உன் நியமனமும் போச்சு. வந்த வழியே ஊருக்குப் போகவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

இசக்கிமுத்து தன் வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அந்த மூலை. அந்த மடங்கின வால். சுரங்கத்தில் இறங்கித் தானும் பெருமரத்துக்கு ஓடிவிடலாமா என்று பார்த்தது. ஒட்டகத்துக்குப் போன் செய்து கேட்டால், அங்கே ஒரு பொந்தில் பதினைந்து பேர் முறை வைத்துத் தூங்குகிறார்களாம், ஒட்டகத்துக்குத் தலையை மட்டும் உள்ளே வைக்க இடம் கிடைத்திருக்கிறதாம். "நீங்கள்லாம் திரும்பி வந்துருங்க, வீடெல்லாம் அப்படியே இருக்கு" என்று இசக்கிமுத்து கெஞ்சியது. "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று ஒட்டகம் வைத்துவிட்டது.

சொந்தக் காட்டில் ஓணான் மூலம் விளம்பரம் செய்து பார்த்தது. பனிப் படத்தைப் பார்த்த யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் குளிருக்குள், இவ்வளவு தூரம், ஒருவனை நம்பி, கேள்வி கேட்காமல், மூட்டை முடிச்சோடு கிளம்பி வரக்கூடிய முப்பத்தொன்பது பேர் உலகத்தில் எங்கே இருப்பார்கள்?

இருந்தார்கள். அதுதான் கொடுமை.

"எல்லாரையுமா?" என்றது பேச்சியம்மாள் போனில். அதன் குரலும் இறங்கிவிட்டது. "சித்தப்பாவையுமா?"

"சித்தப்பா இல்லாட்டா ஒண்ணு கொறையுது பிள்ள" என்றது இசக்கிமுத்து.

நியமனம் என்றால் தொழில் வேண்டுமே. இசக்கிமுத்து அழுதுகொண்டே அவசரத் தேவைப் பட்டியல் ஒன்று தயாரித்தது. மாமனாருக்கு, பக்கத்தில் நின்று குறை சொல்லும் மேற்பார்வையாளர். மாமியாருக்கு, குடியேற்ற ஆலோசகர். அதில் அதற்கு அனுபவம் நிறைய. மைத்துனன்மார் ஆறு பேருக்கும் படுத்த நிலையில் வாசல் காவல். சித்தப்பாவுக்குக் குறுகிய கால விருந்தினர், மூத்த நிலை. எல்லாருக்கும் தன் கையாலேயே முத்திரை குத்தியது. ஒருவருக்கும் தொழில் தேர்வு வைக்கவில்லை. வைத்திருந்தாலும் எல்லாரும் தேறியிருப்பார்கள்.

பனி விழுவதற்கு முந்தின நாள் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். மாமியார் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "பாவம், இம்புட்டு நாளும் தனியா எப்பிடிப் பயந்துகிட்டு இருந்தீயளோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. சடை எருமை வந்து எண்ணிப் பார்த்தது. தலை சரியாக நாற்பது இருந்தது. பகுதி பிழைத்தது. நியமனமும் பிழைத்தது.

இசக்கிமுத்துவுக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஊர் முழுக்கக் காலி வளைதானே!

"அத்தை, இங்க ஆளுக்கு ஒரு வீடு இருக்கு. யாருக்கு எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கிடலாம்" என்றது.

மாமியார் நெஞ்சில் கை வைத்தது. "தனித்தனியாவா? குடும்பம் பிரிஞ்சிட்டுன்னு ஊரு பேசாதா மாப்பிள?"

"எந்த ஊரு அத்தை? ஊருல நம்மளத் தவிர யாருமே இல்லியே."

"அதத்தான் சொல்லுதேன். நம்ம ஆளுவ இவ்வளவு பேர் பேசுவாவள்லா?"

எல்லாரும் கரடியின் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த வளைக்குள் நுழைந்தார்கள். உள்ளே போன மாமனார் சுரங்கத்தின் வாய்க்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, உச்சுக் கொட்டியது.

"யாரு இத தோண்டுனது? அவனக் கூப்பிடுங்க மொதல்ல."

"நான்தான் மாமா" என்றது இசக்கிமுத்து.

"அதான பாத்தேன்" என்றது மாமனார். பிறகு, உள்ளேயிருந்து காற்று வருகிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று சுரங்க வாயில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்தால் எழுந்திருக்கிற வழக்கம் கிடையாது.

வெளியே பனி விழத் தொடங்கியது. பேச்சியம்மாள் இசக்கிமுத்துவைப் பார்த்தது. இசக்கிமுத்து பேச்சியம்மாளைப் பார்த்தது. சித்தப்பா ரெண்டு நாளில் கிளம்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு, மெத்தென்று எதன்மேலோ தலை வைத்துக் கண்ணை மூடியது.

இசக்கிமுத்து குனிந்து பார்த்தது. அதன் வால்தான்.

நீதி: சொந்தக்காரர்களிடமிருந்து தப்பி வெளிநாடு போகிறவர், போகிற இடம் நெரிசலாக இருக்கிறதா என்று நன்றாக விசாரித்துக்கொள்ள வேண்டும். காலியாக இருந்தால் போகக் கூடாது.