இருபதடி உயரத்தில் கரையடிக் கருப்பு

அனுமந்தன்பட்டி

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை வினோத்ராஜ் அவர்களுக்கு, சுருளியாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாடுகளும் சுகம். மதுரையில் நீங்களும் என் தங்கை சுகிர்தமும் மருமகள் ஓவியாவும் சுகமாயிருக்கவும், உங்கள் புது வீட்டுக்குச் சீக்கிரம் தளம் போடவும் வேண்டுகிறேன். போனில் சொன்னால் நம்பமாட்டீர்கள். போட்டோ எடுத்தேன், ஒரு படத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே கடிதம்.

விஷயம், வரும் வெள்ளிக்கிழமை யார் முன்னால் ஓவியாவுக்குக் காது குத்தவேண்டுமோ, அந்த உங்கள் குலசாமியைப் பற்றியது. போன வெள்ளத்தில் சேறு மூடிய கரையடிக் கருப்பின் கல்லை நான்தான் தேடியெடுத்து நட்டு மஞ்சள் பூசினேன், ஞாபகமிருக்கும். ஆற்றோரத்து உங்கள் நிலத்தைக் கிராவல் எடுக்கக் கொடுத்தபோது, சாமி இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்கச் சொன்னீர்கள். வாங்கினேன். கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடும் போட்டுக் காட்டினேன். பொக்லைன் ஓட்டும் தங்கப்பாண்டியன் பக்திமான், கோட்டைத் தாண்டவே இல்லை. கோட்டுக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கருப்பு இப்போது இருபதடி மண்தூணின் உச்சியில், துண்டு விரிக்கிற அளவு இடத்தில், ஒற்றை எருக்கஞ்செடியோடு நிற்கிறார். மூன்று பக்கம் பச்சைத் தண்ணீர், நாலாவது பக்கம் லாரிப் பாதை.

சண்டை போடத்தான் போனேன், மாப்பிள்ளை. வந்த வேலையை மறந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கரை எது ஆறு எது தெரியவில்லை, நாம் துண்டு காயப்போட்ட மருதமரம் இருந்த இடத்தில் வெறும் காற்று, குவித்த கிராவலுக்குப் பின்னால் மேகமலையே பாதி மறைந்துவிட்டது, கம்பம் ஊரிலிருந்து ஒரு கல்யாண ஜோடி வந்து, வெளிநாடு மாதிரி இருக்கிறதென்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக வேறு இருந்தது, அதுதான் கொடுமை. எட்டு மாதத்தில் மனுசன் இவ்வளவு செய்வானா என்று மலைத்துப்போனேன்.

"சாமிய நாங்க தொடலண்ணே. நீங்க போட்ட கோட்டுக்கு மேல ஒரு சாண் கூடத்தான் விட்டுருக்கோம்" என்றார் தங்கப்பாண்டியன். காது எப்படிக் குத்துவது என்று கேட்டேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய்மாமன் பொக்லைன் வாளியில் உட்கார்ந்தால், ஆசாரியையும் சேர்த்து மேலே தூக்கிவிடுவாராம். ஏணியில் நாலாவது படியிலேயே எனக்குத் தலைசுற்றும், ஊருக்கே தெரியும். ஆனால் என் மடியில் குத்தாத காது என்ன காது? நாளைக்கே வெள்ளோட்டமாக ஏறிப் பார்க்கிறேன். தைரியமாகப் புறப்பட்டு வாருங்கள்.

கருப்பு உங்கள் எல்லாரையும் காப்பார். இப்போது அவருக்கு மதுரை வரை தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சுருளியாண்டி

பி.கு.: நேற்று எழுதியதைத் தபாலில் போடுமுன், சொன்னபடி இன்று காலை ஏறிவிட்டேன். அங்கிருந்து முல்லையாறு முழுக்கத் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய வரை பள்ளங்கள், நடுவே அரைஞாண் கயிறு மாதிரி ஆறு. அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் சாமியைப் பார்த்தேன். மழையில் மஞ்சள் கரைந்து, கல்லில் சர்வே நம்பர் தெரிகிறது. வெள்ளத்துக்குப் பிறகு நான் நட்டது எல்லைக்கல், மாப்பிள்ளை. முதல் நாள் கோட்டை ஒட்டித்தான் வெட்டினார்கள், நிஜக் கருப்பு கிராவலோடு கிராவலாக அன்றே லாரியேறிவிட்டார். முதல் நாள் எடுத்த லோடெல்லாம் உங்கள் வீட்டு பேஸ்மட்டத்துக்குத்தான் வந்தது. அதனால் நீங்கள் இங்கே வரவேண்டாம். காதுகுத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், மடியோடு நான் வருகிறேன். அதுவரை கொத்தனார்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள்.