ஒரு சுரத்துக்கு ஓர் அடி

அரைகுறையாகச் சங்கீதம் கற்றவனை வாசிக்க விடலாம். யோசிக்க விடக் கூடாது. ஐம்பதுகளில் சாலவாக்கத்தில் என்னை யோசிக்க விட்டுவிட்டார்கள்.

எங்கள் சர்ச்சில் ஒரு பியானோ இருந்தது. மிஷன் ஹாஸ்டலில் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா, சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. கூடவே ஒரு பாட்டுப் புத்தகம். அதில் லூட் என்ற பழைய நரம்புக் கருவிக்கு எழுதிய பாட்டு ஒன்று. கருவியின் படமும் இருந்தது. பாதித் தர்ப்பூசணிக்குக் கழுத்து வைத்து, அதையும் பின்னால் ஒடித்த மாதிரி. என் தங்கை எஸ்தர் கல்யாணத்தில், அவள் நடந்து வரும்போது இதைத்தான் வாசிப்பது என்று தீர்மானித்தேன். (யாரும் கேட்கவில்லை.)

எந்த வேகத்தில் வாசிப்பது என்று புத்தகத்தில் போடவில்லை. நானே ஆராய்ந்தேன். லூட் நரம்பைச் சுண்டினால் ஒலி சட்டென்று செத்துவிடும், அதனால் வேகமாக வாசித்திருப்பார்கள். பியானோவில் ஒலி நிற்கும். எங்கள் பியானோவில் நின்றுகொண்டே இருக்கும், ஒலியை அடக்குகிற கம்பளித் துண்டுகளை எலி தின்றுவிட்டதால். ஆகவே ஒரு சுரம் முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்தது.

எஸ்தரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "ஒரு சுரத்துக்கு ஒரு அடி. பிசகினா எனக்குத்தான் அவமானம்."

"சரிண்ணே," என்றாள். அண்ணன் பேச்சைக் கேட்கிற பெண், பாவம்.

மாப்பிள்ளையின் அம்மா பெருநகர் என்ற பக்கத்து ஊர்க்காரர். ஞாயிறு ஆராதனையும் தவறாது, ராகு காலமும் தவறாது. அன்றைக்குப் புதன்கிழமை. "பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள தாலி ஏறணும். இல்லன்னா புள்ளைய இட்டுக்கினு ஊருக்குப் பூடுவேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். போதகரோ சைக்கிள் பஞ்சராகித் தாமதமாக வந்து சேர்ந்தார்.

நான் ஒரு கட்டையை அழுத்தினேன். எஸ்தர் ஓர் அடி வைத்தாள். ஒலி அடங்கக் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். அடுத்த சுரம், அடுத்த அடி.

"இன்னாப்பா, பொண்ணு வருதா, நின்னுக்கினு கீதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, சர்ச் முழுக்கக் கேட்கும்படி.

எஸ்தர் கையைப் பிடித்து வந்த எங்கள் நைனா (அப்பாதான்) பல்லைக் கடித்தார். "டேய், மணி ஆயிக்கினு கீது. கல்யாணம் நின்னுச்சுன்னா நீ வூட்டுக்கு வராத."

பயத்தில் விரல்கள் பாய்ந்தன. ஒரு சுரமும் அடங்காமல் அடுத்தது ஏற, பாத்திரக்கடை சரிந்த மாதிரி இரைச்சல். எஸ்தர் சொல் தவறாதவள். புடவையைத் தூக்கிப் பிடித்து, நாற்றங்காலில் மாடு இறங்கினால் விரட்ட ஓடுவாளே, அப்படி ஓடினாள். நைனா பின்னால் இழுபட்டு வந்தார். மாப்பிள்ளை போதகருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வரி முடிவில் இரண்டு புள்ளி போட்டிருந்தது. போட்டிருந்தால் முதலிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும், அதுதான் விதி. வாசித்தேன்.

எஸ்தர் மூச்சு வாங்கியபடி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, மறுபடியும் அங்கேர்ந்து வரணுமா?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து பியானோவை மூடினார். என் விரல்கள் உள்ளேதான் இருந்தன. பன்னிரண்டுக்குள் தாலி ஏறியது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பக் கல்யாணம் எதிலும் எனக்குப் பந்தி பரிமாறுகிற வேலைதான். எஸ்தருக்கே மருமகள்கள் வந்தாயிற்று. இன்னும் நான் கூடையோடு போனால், "அண்ணே, போட்ட அப்பளம் அடங்கட்டும், அப்பறம் அடுத்தது வை," என்பாள். வரிசையே சிரிக்கும். பாயசம் வரும்போது மட்டும் எல்லோரும் என் பக்கம். "ரெண்டு புள்ளி போட்டுக்கீது மாமா, மொதல்லேர்ந்து வா," என்று இலையைக் காட்டுவார்கள்.