ஐந்தாம் மாடிக் கச்சேரி

"நீங்க எந்தக் கட்சி?" என்று மனைவி கேட்டபோது செயலாளரின் வாயில் பிரஷ் இருந்தது. அதை எடுக்காமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"சொல்லுங்க. அவங்க பாடுறது பாட்டா, இல்ல எங்க அண்ணன் சொல்ற மாதிரி கூச்சலா?"

நாற்பத்தொரு வீடுகள் கொண்ட அந்த ஐந்து மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஐந்தாம் மாடியில் அந்தப் பாடகி குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் திட்டு இரட்டிப்பாகியிருந்தது.

பாடகி லேசுப்பட்டவர் அல்ல. சினிமாப் பாட்டில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, திடீரென்று சாஸ்திரிய சங்கீதத்தில் இறங்கி, அதோடு நிற்காமல் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவிலும் கைவைத்தவர். பாதி உலகம் கையெடுத்துக் கும்பிட்டது, மீதி உலகம் தலையில் அடித்துக்கொண்டது. வந்த நாளிலிருந்து அவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு ஐந்தாம் மாடியிலிருந்து அவர் சாதகம் செய்வது மட்டும் கட்டடம் முழுக்கக் கேட்டது.

கேட்காதவர் ஒரே ஒருவர். அது நம் செயலாளர்தான். ஆறு மணிக்கு அவர் தரைக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் அறையில் இருப்பார். முன்பு ஒருமுறை காவலாளி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனதில் தொட்டி வழிந்து நாலு வீட்டுக் கூரை ஒழுகியது. அன்றிலிருந்து மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் அவர் கைதான். அந்தப் பொந்துக்குள் மோட்டார் போடும் இரைச்சலில் இடி விழுந்தாலும் தெரியாது. அணைத்துவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தால் மனைவி பால்கனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"இப்பத்தான் முடிஞ்சது. உங்களுக்கும் சங்கீதத்துக்கும் ராசியே இல்ல!"

ராசி இல்லாதது அவருக்குப் பெரிய வருத்தமாக இல்லை. மனைவியின் முகம்தான் அவரை என்னவோ செய்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பளபளப்பை அவர் பார்த்ததில்லை. ஒருநாள், "நானும் சின்ன வயசுல பாடுவேன், தெரியுமா?" என்றாள். அவருக்குத் தெரியாது. அது தெரியாமலே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

எதிர்க்கட்சித் தலைவர் இரண்டாம் மாடியில் இருந்த மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஓபரா அரங்கத்தில் சேர்ந்திசைக் குழுவின் மூன்றாவது வரிசையில் முப்பது வருஷம் நின்று பாடி ஓய்வு பெற்றவர். பல் தேய்த்து முடிப்பதற்குள் அவரும் வந்துவிட்டார், கையில் பதினெட்டுக் கையெழுத்துப் போட்ட புகார் மனுவோடு.

"மாப்ளே, ஓபரான்னா வயித்துலேருந்து வரணும். இது மூக்குலேருந்து வருது. ஒரே சுரம், பத்து நிமிஷம், நடுவுல மூச்சே எடுக்கல. மனுஷப் பிறவியால முடியுமா?"

"அதுக்குப் பேருதான் சாதகம்!" என்றாள் மனைவி. "முப்பது வருஷம் மூணாவது வரிசையில வாயசைச்சவங்களுக்கு அது புரியாது."

"யாரு வாயசைச்சா?"

"அண்ணி சொன்னாங்க."

மச்சான் முகம் சிவந்தது. "மாப்ளே, எங்க ஆளுங்களுக்குத் தூக்கம் போகுது. எட்டு மணிக்குப் பாடச் சொல்லு. அவங்க வேலைக்குக் கிளம்பிடுவாங்க."

"எட்டு மணிக்கு நாங்களும்தான் கிளம்பிடுவோம்! அப்புறம் யாரு கேக்கறது?"

செயலாளர் நடுவில் புகுந்து ஏழு மணி என்று தீர்ப்புச் சொன்னார். பணிவான கடிதம் ஒன்று எழுதி ஐந்தாம் மாடிக்கு எடுத்துப்போனார். பாடகிக்கு உதவியாக இருந்த பெண் கதவைக் கையளவு திறந்து, உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்றாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். என்ன அலட்டல் என்று நினைத்தபடி அவர் இறங்கினார். பாட்டு ஏழு மணிக்குப் போனால் எல்லார் குளியலும் தள்ளித்தான் போகும் என்று மோட்டாரையும் ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டார். எதையும் யோசித்துச் செய்கிற மனிதர்.

மறுநாள் சரியாக ஏழு மணிக்குப் பாட்டு ஆரம்பித்ததாம்.

"ஒரு வரி எழுதினதும் மாத்திக்கிட்டாங்க பாருங்க, எவ்வளவு பெரிய மனசு!" என்று மனைவி உருகினாள். பதினைந்து பால்கனிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது.

மச்சான் தாடையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தார். "ஏழு மணின்னா நான் ஷேவ் பண்ற நேரம். உச்சஸ்தாயில ஒரு இழுப்பு இழுத்தா. பிளேடும் கூடவே இழுத்துடுச்சு."

"நேரத்தைக் குறைக்கச் சொல்றேன் மச்சான்."

இரண்டாவது கடிதம் போனது. மறுபடி கையளவு கதவு, மறுபடி "உஷ்!".

ஆனால் அன்று பார்த்து, ரசிகர்கள் சிலர் குழாயைத் திறந்து விட்டபடியே பால்கனிக்கு ஓடியதில் தொட்டி மத்தியானத்துக்குள் காலி. வேறு வழியில்லாமல் மாலை ஆறு மணிக்கு இன்னொரு தடவை தண்ணீர் ஏற்றிவிட்டு அவர் மேலே வந்தபோது, மச்சான் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"குறைக்கச் சொல்லித்தானே எழுதின? இப்ப சாயங்காலமும் பாடுறா! திமிரு மாப்ளே, திமிரு! ஞாயித்துக்கிழமை கூட்டம் போடு. அவ இருக்கணுமா வேணாமான்னு ஓட்டு."

அன்று ராத்திரி மனைவி தலையணையைப் பார்த்துப் பேசினாள். "அவங்கள அனுப்பிட்டீங்கன்னா, அப்புறம் இந்த வீட்டுல என் வாய்லேருந்து ஒரு வார்த்தை வராது."

அவளைத் தெரிந்தவர்களுக்கு அது வெறும் பேச்சல்ல என்று தெரியும். ஒருமுறை நாத்தனாரோடு பதினொரு மாதம் பேசாமல் இருந்தவள். செயலாளருக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. பல் மருத்துவர் எழுந்து, அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் தன் கழுத்துவலி போனது என்றார். கணக்கு டீச்சர், தனக்கு வந்ததே அதைக் கேட்டபிறகுதான் என்றார். மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உண்மையான ஓபரா எப்படி இருக்க வேண்டும் என்று பாடியே காட்டினார். பாதியில் இருமல் வந்துவிட்டது.

"பாத்தீங்களா, மூச்சு எடுக்கறாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். இருக்கட்டும் என்று இருபது வீடு. போகட்டும் என்று பத்தொன்பது. செயலாளர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீ இந்தப் பக்கம் தூக்கினா இருபதுக்கு இருபது, இன்னொரு கூட்டம் போடலாம்" என்றார் மச்சான். "மறந்துடாதே, உன்னைச் செயலாளர் ஆக்கினதே நான்தான்."

செயலாளர் எழுந்தார். 

"நான் அந்தப் பாட்ட ஒருநாள் கூடக் கேட்டதில்ல. எனக்குச் சங்கீதமும் தெரியாது, ஓபராவும் தெரியாது. ஆனா தினமும் மோட்டார அணைச்சுட்டு மேல வந்து என் பொண்டாட்டி முகத்தப் பாக்கறேன். அது போதும் எனக்கு. அவங்க இருக்கட்டும்."

இருபத்தொன்று. மனைவி எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்தாள். மச்சான் கூட, "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, தோற்றாலும் தோற்றேன், அந்தப் பாட்டுக்காரியின் முகத்தையாவது பார்த்துவிடுகிறேன் என்று கூடவே கிளம்பினார்.

பூங்கொத்தும் தீர்மான நகலுமாக மொத்தக் கூட்டமும் ஐந்தாம் மாடி ஏறியது. செயலாளர் அழைப்புமணியை அழுத்தினார். இந்தத் தடவை கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே நாலு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. தூரத்தில், கழுத்தில் துணி சுற்றிய பாடகி இவர்களைப் பார்த்ததும் சட்டென்று உள்ளறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

"ஐயோ, கிளம்பாதீங்க!" என்று மனைவி பதறினாள். "நீங்க இங்கயே இருக்கணும்னு தீர்மானமே போட்டாச்சு. நீங்க எவ்வளவு நேரம் வேணாலும் பாடலாம்!"

உதவிக்காரப் பெண் கூட்டத்தை ஒருமுறை, பூங்கொத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்குங்க, இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து வாயே திறக்கல; நீங்க மோட்டார் போட்டதும் எங்க சுவத்துக் குழாய் ஊளையிடுறதக்கூடப் பொறுத்துக்கிட்டாங்க, ஆனா அந்தக் குழாய்க்கு நீங்கல்லாம் பால்கனில நின்னு அழுது கைதட்டுறீங்க பாருங்க, அதப் பாத்துதான் பயந்துபோய்க் கிளம்பறாங்க!"