ஏழு கேள்விக்குறிகள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, சிதம்பரம் வடக்கு வீதியில் முத்துக்கடல் கல்வி அறக்கட்டளையின் கிளை அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். கணினிக்கு முன்னால், நாற்காலியின் நுனியில், மென்பொருள் எழுதிய கதிரவன். அவருக்கு இடப்பக்கம், பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பதிவறை எழுத்தர் ஜெயராணி. வாசலை ஒட்டிய ஸ்டூலில், பிரின்டருக்குக் காவல் போல, அலுவலக உதவியாளர் உத்திராபதி. மேசைக்கு எதிரே, கணினியின் முதுகைப் பார்த்தபடி போட்டிருந்த கை வைத்த நாற்காலி மட்டும் காலி. அது கடலூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று மணிக்கு வரவிருந்த செயலாளர் சுப்பராயலுவுக்கு.

"எல்லாம் போச்சுக்கா" என்றார் கதிரவன்.

திரையில் ஆவணங்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. பெயர்கள்தான் இல்லை. மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறிகள். வரிவரியாக, ஒழுங்காக, யாரோ சலிக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டே போனதைப் போல.

"இன்னா சார் இது? கம்ப்யூட்டர் நம்மளக் கேள்வி கேக்குது?" என்றார் உத்திராபதி.

விஷயம் இதுதான். அறக்கட்டளையின் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ஆவணங்களையும் கணினியின் தரவுத்தளத்துக்குள் ஏற்றியிருந்தார் கதிரவன். அண்ணாமலை நகரில் படித்தவர், கெட்டிக்காரர். அந்த வேலையில் ஒரு பக்கம்கூட சேதமாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் தட்டிக் கொடுத்தவர் ஜெயராணி. ஆனால் பெயர் வைக்கும் கட்டத்தைச் செய்யும்போது அதற்கு முன்னால் 'என்' என்று ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் அந்தக் கட்டத்துக்குத் தமிழ் தெரியும். கதிரவன் மறந்துவிட்டார்.

"ஒரு எழுத்துதானே? இப்ப சேத்துடுங்க."

"சேத்துட்டேங்க்கா. இனிமே போடுறதுக்குத்தான் அது. போட்டது போட்டதுதான்."

"பேரோட இருந்த பழைய ஃபோல்டர்?"

"இடத்த அடைக்குதுன்னு நேத்துதான் அழிச்சேன்."

"நகல் எடுத்து வச்சிருந்தீங்களே?"

கதிரவனின் முகம் மலர்ந்தது. நகலை எடுத்து உள்ளே ஏற்றினார். நகலும் பெயர்கள் கெட்ட பிறகு எடுத்ததுதான் என்பது ஏறி முடிந்த பின் தெரிந்தது. இருந்ததன் மேலேயே அதுவும் சேர்ந்துகொண்டது. இப்போது மூவாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கேள்விக்குறி வரிகள். போதாததற்கு வரிசை எண்களும் கலைந்துவிட்டன.

"சார், இதுக்கு மேல எதுவும் சரி பண்ணாதீங்க" என்றார் உத்திராபதி.

ஜெயராணிக்கு இதில் இருந்த சங்கடம் வேறு. போன வாரம் செயலாளரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மென்பொருள் ஒழுங்காக இயங்குவதை நேரில் கண்டபின், பதிவறை எழுத்தர் பணியிடம் குறித்து அன்றே முடிவெடுக்கப்படும் என்று. ஒன்பது வருடமாக அந்த இடத்தில் தற்காலிகமாக இருப்பவர் ஜெயராணி. மென்பொருள் ஓடினால் அவருக்கு வேலை இருக்காது. ஓடாவிட்டால் கதிரவனுக்கு ஒப்பந்தம் இருக்காது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஆனால், தேடின தாள் கிடைக்காமல் போவதை ஜெயராணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது அவருடைய வியாதி.

"கதிரு, எல்லா வரியும் ஒரே நீளமா இல்ல பாருங்க" என்றார். "இது ஒம்போது, நடுவுல காலி எடம், திரும்ப ஒம்போது. 'சிங்காரம் சான்றிதழ்'. தொறங்க."

கதிரவன் திறந்தார். சிங்காரம் வாத்தியாரின் பட்டச் சான்றிதழ், முத்திரையோடு வந்து நின்றது.

"எப்படிக்கா?"

"எழுத்துக்கு ஒண்ணு. கொம்பு, காலு, சுழி, புள்ளி வந்தா இன்னொண்ணு. டைப் அடிச்ச கைக்கு அது தெரியும்ல? என் பேரு ஏழு. ஜெக்கு ரெண்டு, ய ஒண்ணு, ராவுக்கு ரெண்டு, ணிக்கு ரெண்டு."

"என் பேரு?" என்றார் உத்திராபதி, ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து.

ஜெயராணி விரல் விட்டு எண்ணக்கூட இல்லை. "பத்து."

"செயலாளர் ஐயா?"

"அவரும் பத்து."

"பாத்துக்குங்க சார். ஆபீஸ்ல நானும் அவரும் ஒரே எடை" என்று உத்திராபதி எழுந்து, வந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து, வாசலுக்குத் திரும்பினார்.

மூன்று மணிக்கு சுப்பராயலு வந்தார். காலி நாற்காலியில் உட்கார்ந்தார். திரை தெரியும் பக்கம் வரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை.

"நான் கேக்குறத எடுத்துக் காட்டுங்க. பரங்கிப்பேட்டை ஸ்கூல் கட்டட வரைபடம்."

"பதினாலு, ஏழு" என்றார் ஜெயராணி தாழ்ந்த குரலில், பதிவேட்டைப் பார்ப்பதுபோல. கதிரவனின் விரல் நகர்ந்தது. பிரின்டர் முனகியது. வரைபடத்தை உத்திராபதி இரண்டு கையாலும் ஏந்திவந்து கொடுத்தார்.

சுப்பராயலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அட! முந்தியெல்லாம் இதத் தேட அரை நாள் ஆவும். சரி, எழிலரசி டீச்சரோட லீவு லெட்டர்."

"ஏழு, எட்டு."

கதிரவன் திணறினார். ஏழும் எட்டுமாக நிறைய வரிகள் இருந்தன. பிரதியெடுத்தவற்றை ஒதுக்கியும் இரண்டு மிஞ்சின. "அக்கா, ஒங்க பேரும் ஏழுதானே? இதுல எது ஒங்க விடுப்பு, எது அவுங்க விடுப்பு?" என்று கிசுகிசுத்தார்.

ஜெயராணிக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "டெம்பரவரிக்கு ஏது கதிரு லீவு? ஒம்போது வருஷத்துல நான் ஒரு நாள் எடுத்ததில்ல. இன்னொண்ணு யாரோடதோ, எனதில்ல. மேல இருக்கறதத் தொறங்க."

திறந்தது. எழிலரசியின் பிரசவ விடுப்பு விண்ணப்பம்.

சுப்பராயலு தாளைப் பார்க்கவில்லை. ஜெயராணியைப் பார்த்தார். "ஏம்மா, ஒம்போது வருஷமா லீவே இல்லியா?"

"இல்லீங்க சார்."

"ம்." அடுத்தடுத்து பதினோரு ஆவணங்கள் கேட்டார். ஒவ்வொரு தடவையும் முதலில் ஜெயராணியின் உதடு அசைந்தது, பிறகு கதிரவனின் விரல், பிறகு பிரின்டர். பதினொன்றும் வந்தன. நான்காவதுக்குப் பிறகு சுப்பராயலு தாள்களைச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டு, அந்த உதட்டையே கவனித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுந்தார். "பிரமாதம் தம்பி. நல்லா பண்ணியிருக்கீங்க." பிறகு ஜெயராணி பக்கம் திரும்பினார். "ஒங்கள இனிமே இப்படியே வச்சிருக்கறதுல அர்த்தம் இல்லம்மா. இன்னிக்கே தலைவருக்கு எழுதிடுறேன்."

ஜெயராணி தலையை மட்டும் ஆட்டினார்.

"கடிதத்தையும் இதுலயே தட்டிடுறேன். புது மென்பொருள்ல போற மொத லெட்டர் இதுவா இருக்கட்டும். ரகசியம். நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. உத்திராபதி, வாசல்ல நில்லு."

கதிரவன் பட்டியலை மூடி, கடிதம் தட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தார். சுப்பராயலு ஒற்றை விரலில் தட்டுபவர். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தட்டும்போது திரையில் தமிழ் தமிழாகத்தான் தெரிந்தது. சேமித்துவிட்டு, பையிலிருந்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட லெட்டர் பேடு ஒன்றை எடுத்து பிரின்டரில் வைத்தார். அப்படிப் பத்துத் தாள்கள் எப்போதும் அவர் பையில் இருக்கும்; அவசரத்துக்கு உதவும் என்பார். பரங்கிப்பேட்டைப் பள்ளியில் நாலரைக்குக் கூட்டம். பிரின்டர் யோசித்துக்கொண்டிருந்தது.

டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம், "லெட்டர் வந்ததும் கவர்ல போட்டு அஞ்சு மணித் தபால்ல சேத்துடுங்க. கையால ஒரு எழுத்து திருத்தக் கூடாது. செயலி குடுக்குறது அப்படியே போவணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தாள் வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்கிற அச்சு வார்த்தைகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. மற்றதெல்லாம் கேள்விக்குறி.

கதிரவன் தலையில் கை வைத்தார். "கடிதத்துக்குத் தனிக் கட்டம்க்கா. அதுக்கும் 'என்' போட மறந்திருக்கேன்."

உத்திராபதி கோந்து தேடிப் பதிவறைக்குள் போயிருந்தார். ஜெயராணி தாளைக் கையில் எடுத்து, பொருள் என்ற வரியில் விரலை வைத்தார்.

"ஏழு. மூணு. ஏழு."

"இன்னாக்கா?"

"மூணு, 'பணி'. கடைசி ஏழு, 'நீக்கம்'. மொத ஏழு நான்."

கதிரவன் எட்டிப் பார்த்தார். "நானும் ஏழுதானேக்கா. அது நானா இருந்தா?"

"ஒங்களுக்குப் பணி ஏது, நீக்கறதுக்கு? நீங்க ஒப்பந்தம். இது நான்தான்."

"மீதியையும் எண்ணிப் பாருங்கக்கா."

"பொருள்னு ஒண்ணு போடுறதே மீதியப் படிக்காம இருக்கத்தான் கதிரு."

கதிரவன் தாளைப் பிடுங்கப் பார்த்தார். "கிழிச்சிடலாம். நான் தோத்துட்டேன்னு ஐயாகிட்ட நானே சொல்லிடுறேன். அக்கா, ஒங்களாலதான் இன்னிக்கு என் மானமே நின்னுது. நீங்க எண்ணலேன்னா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஒங்க வேலைய நீங்களே..."

"கையெழுத்துப் போட்ட லெட்டர்" என்று தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார் ஜெயராணி. "அனுப்பாத லெட்டர்னு ஒண்ணு என் பதிவேட்டுல கெடையாது. நாளைக்கும் இருக்காது."

பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, அனுப்புகை எண் எழுதினார். தன் வேலை போகிற கடிதத்துக்குத் தானே எண் போடும்போதும் கோட்டுக்கு மேலே ஒரு சுழிகூட ஏறாமல் எழுதிய அந்தக் கையைக் கதிரவன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் ஜெயராணிக்கு உறுத்தியது. கேள்விக்குறியைப் படிக்கக் கடலூரில் யாருக்குத் தெரியும்? தலைவர் குழம்பிப்போவார். செயலாளரின் மானம் போகும், மென்பொருளின் மானமும் போகும். கடிதத்தில் திருத்தக் கூடாது என்றுதானே உத்தரவு? கூட ஒரு துண்டுச் சீட்டு வைக்கக் கூடாது என்று இல்லையே. குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்:

'ஐயா, இக்கடிதத்தின் பொருள்: ஜெயராணி பணி நீக்கம். தங்கள் தகவலுக்காக. இப்படிக்கு, ஜெயராணி.'

ஊசி குத்தி இணைத்தார். கவரில் வைத்தார். உத்திராபதி கொண்டுவந்த கோந்தை ஓரத்தில் தடவி, ஸ்கேலால் மூன்று முறை அழுத்தினார். அவர் ஒட்டிய கவர் இதுவரை பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நானே போட்டுட்டு வரேன்" என்றார். உத்திராபதியும் கூடவே நடந்தார்.

தெருமுனையில் தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்தார். ஜெயராணி கவரை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் அதையும் உள்ளே போட்டு, பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, சைக்கிளில் ஏறி, கீழ வீதிப் பக்கம் திரும்பி மறைந்தார்.

உத்திராபதி மெல்லக் கனைத்தார். "இன்னாம்மா, மொகமே வாடிக் கெடக்குது? ஸ்வீட்டு வாங்கித் தருவீங்கன்னு பாத்தா! ஐயா அந்த லெட்டரு தட்டும்போது ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேல்ல தட்டுனாரு, 'ப... ணி... நி... ய... ம... ன... ம்'னு."