வலது முழங்கையின் நலம் அறிய ஆவல்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடைசித் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சேர்ந்து அல்ல, தனித்தனியாக நலம். அங்கே உங்கள் நலத்தையும், குறிப்பாக உங்கள் வலது முழங்கையின் நலத்தையும் அறிய ஆவல்.

கொல்லைப்புறத்தில் நம் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் மழையில் சரிந்துவிட்டது. பெரியப்பா புதிதாகக் கட்டினார். கட்டி முடித்த அன்றே அப்பா போய்ப் பார்த்துவிட்டு, சுவர் நம் பக்கம் மூன்று விரல் அகலம் நகர்ந்துவிட்டது என்றார். "மூணு விரலுக்கா இந்தக் குதி குதிக்கிற? கேட்டா நாலு பேரு சிரிப்பாங்கடா" என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, நீ இயற்பியல் படிச்சவதானே? இருக்கறதுலயே சின்ன அளவு எது?" நம் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான், அதை யாராவது எதற்காவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தேனா, வாய் தானாகத் திறந்துகொண்டது. அணுக்கருவை அளக்க ஃபெர்மி என்று ஒன்று உண்டு, ஒரு மில்லிமீட்டருக்குள் லட்சம் கோடி ஃபெர்மி அடங்கும் என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். அப்பா தெருவில் இறங்கி நின்று, "என் எடத்துல அம்பது லட்சம் கோடி ஃபெர்மிய வளைச்சுப் போட்டவனெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கத்தினார். எதிர்வீட்டு டெய்லர் பல்லில் கடித்த ஊசியோடு ஓடிவந்து, "அத்தன கோடியா!" என்றார். ஊசி கீழே விழுந்தது, நல்லவேளையாக வெளியே.

மறுநாள் பெரியப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உங்கப்பனுக்கு மட்டுந்தான் படிச்சியா? எனக்கும் ஒரு அளவு குடு. பெருசா இருக்கணும். அதுல போட்டா இது ஒண்ணுமில்லாமப் போயிடணும்." பெரியவர்களிடம் இல்லையென்று சொல்ல எனக்கு வராது. பழைய காலத்துக் காதத்தைக் கொடுத்தேன். பத்து மைல் ஒரு காதம் என்று வைத்தால், சுவர் நகர்ந்தது காதத்தில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரியப்பா அதைச் சொன்னதும் தெரு அவர் பக்கம் சாய்ந்தது. இரண்டும் ஒரே நீளம்தான் என்று நான் மெதுவாகச் சொன்னேன். நான் மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது திங்கட்கிழமை சுவரை இடிக்க அப்பா ஆள் சொல்லிவிட்டார். இடித்தால் இரண்டு சமையலறைக்கும் நடுவில் உள்ள கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவேன் என்கிறார் பெரியப்பா. அம்மாவும் பெரியம்மாவும் அந்தக் கதவருகே, பார்க்க முடிகிறவரை பார்த்துக்கொள்வோம் என்பதுபோல் நிற்கிறார்கள். அளவு எடுக்க வந்த மேஸ்திரி, "மொதல்ல யாருக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார். அப்பாவுக்குப் பன்னிரண்டு முழம், மிச்சம் பெரியப்பாவுக்கு என்றோம். "யாரு முழம்?" என்றார். அம்மாதான் சொன்னாள்: பங்கு பிரித்தபோது, ஒருவருக்கு மற்றவர் கை நீளம் என்று சந்தேகம் வந்து, கடைசியில் உங்களை வரவழைத்து உங்கள் கையால் அளந்தார்களாமே!

ஆகவே அத்தை, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு நூலை வைத்து வெட்டி, திங்களுக்கு முன் அனுப்பிவையுங்கள். இந்தக் குடும்பம் அந்த நூலில்தான் தொங்குகிறது.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கை நீடூழி வாழ்க; நீளம் மட்டும் மாறாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு: நூல் வேண்டாம். நான் கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் அந்தச் சமையலறைக் கதவு வழியாகச் சேர்ந்தே வந்தார்கள். "அக்காவுக்கா எழுதுற?" என்றார் பெரியப்பா. "கை மட்டும் வந்தாப் பரவால்ல. கூடவே அவளும் வந்து, எனக்கு எத்தன முழம்டான்னு கேட்டா?" அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "சுவரு அங்கயே இருக்கட்டும்ணே. மூணு விரல்தானே." "ஆமாடா, ஃபெர்மியெல்லாம் கண்ணுக்கே தெரியாதாம்." கடிதத்தைக் கிழிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை போலிருக்கிறது.

மொத்த இடம் ஏறத்தாழ இருபத்துநான்கு முழம். மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தால் உங்கள் பங்கு எட்டு. காதத்தில் சொன்னால் ஒன்றுமேயில்லை என்பார்கள். முப்பத்தாறு கோடி கோடி ஃபெர்மி வருகிறது. நேரில் வந்து அப்படியே கேளுங்கள்.